காகித ராக்கெட்டுக்கு நாலு பூச்சு

பெயிண்டர் வேலையிலிருந்து திரும்பி, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை குழாயடியில் இருந்தாலும் கண் சமையலறை மேஜையின் மேல்தான் இருந்தது. அங்கே அவருடைய ஒரே மகள், முக்கோணமாக வெட்டிய ஓர் அட்டைத் துண்டின் மேல் தண்ணீர் போல ஓடும் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். அட்டை பசையைக் குடித்துக் குடித்துக் கருத்தது. அவள் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"காய இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் பெயிண்டர், ஏதோ மழை வருமா என்று விசாரிப்பதுபோல.

"இருபது நிமிஷம். அப்புறம் தேய்க்கணும். அப்புறம் மறுபடி பசை."

"ஒரு ஓரம் கொஞ்சம் தூக்கிட்டிருக்கு பாரு."

"அப்பா."

"சரி சரி. நான் ஒண்ணும் சொல்லல."

வாய் சொல்லவில்லைதான். கைதான் அரித்தது. துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, மேஜையை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டு, மனமில்லாமல் கூடத்துக்குப் போனார்.

வாகனப் பட்டறைப் பக்கம் அவருக்குக் 'கண்ணாடிப் பெயிண்டர்' என்று பெயர். எங்கேயோ மோதி நசுங்கி வந்த கார்க் கதவைத் தட்டி நிமிர்த்தி, மாவு போன்ற புட்டியைப் பூசிப் பள்ளத்தை நிரப்பி, தேய்த்து, நாலு பூச்சு பெயின்ட் அடித்துக் கொடுத்தால், வண்டிக்காரர் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். நசுங்கிய இடம் எது என்று வண்டிக்காரராலேயே கண்டுபிடிக்க முடியாது. குறையை மறைப்பதே தொழிலாகிப்போன மனிதருக்கு, குறையுள்ள பொருளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, பசியோடு சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்பது மாதிரி.

மகளுக்கு வீட்டில் பட்டாணி என்று பெயர். பிறந்தபோது அவ்வளவு சிறிசாக இருந்தாள். இப்போது பதிமூன்று வயது, அம்மாவின் தோளைத் தாண்டிவிட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை.

அவளுடைய பள்ளியில் ஆண்டுதோறும் அறிவியல் நாள் நடக்கும். மூன்றாம் வகுப்பில் எரிமலை, நாலில் தொங்கு பாலம், ஐந்தில் மனிதக் காது, ஆறில் காற்றாலை, ஏழில் கலங்கரை விளக்கம். ஐந்துக்கும் முதல் பரிசு. ஐந்தையும் செய்தவர் பெயிண்டர். அந்த ஐந்து ஆண்டுகளிலும் பட்டாணி செய்த வேலை, அப்பா கேட்டபோது கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்ததும், மேடையேறிப் பரிசை வாங்கியதும்தான். 'எப்படிம்மா செஞ்சே?' என்று யாராவது கேட்டால், பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் இருப்பதைப் படிப்பாள். அந்தத் தாளை எழுதியதும் அவர்தான்.

இது தப்பென்று பெயிண்டருக்குத் தோன்றியதே இல்லை. எல்லா வீட்டிலும் இதுதானே நடக்கிறது. அறிவியல் நாளுக்கு முந்தின வாரம் பெற்றோர்கள் அலுவலகத்துக்கு லீவு போடுவதும், பிள்ளைகள் சோபாவில் சாய்ந்து டிவி பார்ப்பதும் ஊரறிந்த ரகசியம். போதாக்குறைக்கு அவருக்கு ஒரு பழைய காயமும் இருந்தது. பத்து வயதில் அவர் களிமண்ணில் செய்து கொண்டுபோன உலக உருண்டை சப்பையாக இருக்கிறதென்று வகுப்பறைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். நாள் முழுக்க, கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் மேல் இடித்தது. என் பிள்ளைக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்று, பிள்ளை பிறக்கும் முன்பே முடிவு செய்துவிட்டவர் அவர். பாவம், அதைப் பாசம் என்றுதான் நினைத்தார். பாசமும்தான்.

இந்த ஆண்டு எட்டாம் வகுப்புக்குக் காகித ராக்கெட் என்று அறிவித்தார்கள். அன்று மாலையே பட்டாணி சொல்லிவிட்டாள்.

"அப்பா, இந்தத் தடவை நீங்க தொடக் கூடாது."

"வெட்டி மட்டும் குடுக்கறேன்."

"வேண்டாம்."

"கோடாவது போட்டுத் தர்றேன்மா."

"வேண்டாம்ப்பா."

"அப்ப நான் எதுக்குத்தான் இருக்கேன்?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "பசை பாட்டில் மூடிய மட்டும் திறந்து குடுங்க. டைட்டா இருக்கு."

பெயிண்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "போன வருஷம் கலங்கரை விளக்கம் மேடையில நின்னு போச்சே, ஞாபகம் இருக்கா? பரிசு குடுத்தப்புறம் அணைஞ்சுது. என்ன ஆச்சுன்னு எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எந்த ஒயர் எங்க போகுதுன்னே எனக்குத் தெரியல. நான் அத ஒரு தடவகூட திறந்து பாத்ததில்ல."

இதை அவள் ஓர் ஆண்டாக மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மனைவிதான் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"தொட மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுங்க."

"ஏன், நான் என்ன குழந்தையா?"

"குழந்தையா இருந்தா நம்பிடுவேன்."

பெயிண்டர் வாக்குக் கொடுத்தார். மனசாரத்தான் கொடுத்தார்.

வேலை ஆரம்பித்தது. ராக்கெட்டின் உடல், மூக்கு, வாலில் இருக்கும் மூன்று இறக்கைகள், எல்லாமே காகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. விரல் நீளமுள்ள, மருந்து அடைத்த சின்ன மோட்டாரையும், இறங்குவதற்கான பாராசூட்டையும் மட்டும் பள்ளி கொடுக்கும். வெறும் காகிதம் அந்த வேகத்தில் கசங்கிப்போகும். அதனால் அதற்குப் பசையைக் குடிக்கக் கொடுத்து, காயவைத்து, உப்புத்தாளில் தேய்த்து, மறுபடியும் பசை கொடுக்க வேண்டும். மூன்று முறை இப்படிச் செய்தால் காகிதம் பலகை மாதிரி ஆகிவிடும். நகத்தால் தட்டினால் டக் டக்கென்று சத்தம் வரும்.

பட்டாணி செய்த முதல் ராக்கெட் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அதன் இடுப்பில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்த்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்த சோதனை அது. சுற்றும்போது மூக்கு முன்னால் போனால் ராக்கெட் நேராகப் பறக்கும். வால் முன்னால் வந்தால் ஆகாயத்தில் குட்டிக்கரணம்தான். அவளுடையது குட்டிக்கரணம் போட்டது. இறக்கைகளைப் பெரிதாக்கினாள். நடுவில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி உடலை நீளமாக்கினாள். மூக்குக்குள் களிமண்ணை உருட்டி வைத்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ராக்கெட்டை ஒற்றை விரல் மேல் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் எடை சமமாக நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். மூன்று வாரத்தில் ஏழு கோடுகள்.

ஏழாவது கோட்டில் நூல் கட்டிச் சுற்றியபோது மூக்கு முன்னால் போயிற்று. கட்டடத்துக்கு முன்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் தனியாக நின்று சுற்றிக்கொண்டிருந்தவள், நிறுத்த மனமில்லாமல் தலை கிறுகிறுக்கும் வரை சுற்றினாள்.

பெயிண்டர் இதையெல்லாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். பார்த்தாரே தவிர, அவர் மனசில் ஓடியதெல்லாம் முன்பு மேஜையில் கிட்டப் பார்த்த குறைகள்தான். மூக்கின் மேல் பசை காய்ந்து விரல் ரேகை பதிந்திருந்தது. ஓர் இறக்கை மயிரிழை சாய்ந்திருந்தது. ஒட்டிய இடமெல்லாம் பசை வழிந்து மஞ்சளாகக் கிடந்தது. அறிவியல் நாளில் நூறு பேர் பார்ப்பார்களே, சிரிப்பார்களே என்று அவர் ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராக்கெட் விடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை பட்டறையில் அரை நாள்தான் வேலை. பெயிண்டர் மதியம் வீட்டுக்கு வந்தபோது மனைவி மருத்துவமனையில் இருந்தாள். மகள் பள்ளி மைதானத்தில் கயிறு கட்டுவதற்கு டீச்சருக்கு உதவியாகப் போயிருந்தாள். மேஜையின் மேல் ராக்கெட் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

வாக்கு வாக்குதான். ஆனால் மனசுக்கு வக்கீல் வேலை நன்றாகவே தெரியும். ராக்கெட்டைச் செய்தவள் அவள்தானே, அதில் நான் எதையும் மாற்றப்போவதில்லையே, மேலே லேசாக ஒரு பூச்சு பெயின்ட் அடித்தால் அது செய்ததில் சேருமா என்ன? வாதம் முடிவதற்குள் பெயிண்டர் ராக்கெட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

ஒரு பூச்சு என்று போனவர், காகிதத்தின் மேல் பெயின்ட் திட்டுத் திட்டாகத் தெரியுமே என்று முதலில் புட்டி பூசினார். பூசியவர், இறக்கையும் உடலும் சேரும் மூலைகளில் இன்னும் கொஞ்சம் வைத்துக் கட்டைவிரலால் வழித்துவிட்டார். கார்க் கதவு விளிம்பு மாதிரி அழகாக அமைந்தது. சாய்ந்த இறக்கையை அதற்கு மேலும் புட்டி வைத்து நேராக்கினார். ஒன்று தடிமனாகிவிட்டதே என்று மற்ற இரண்டையும் அதே தடிமனுக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சூட்டு விளக்கில் காட்டி, செக்கச்செவேலென்று நாலு பூச்சு. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. பட்டாணியின் ஏழு பென்சில் கோடுகளும் புட்டியிலேயே மறைந்துபோயின. அது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. அவர் தொழிலில் பென்சில் கோடு இருந்தால் அதை மறைத்துத்தான் பழக்கம்.

"நம்பர் பிளேட் ஒண்ணுதான் பாக்கி," என்றார் பட்டறை வெல்டர், எட்டிப் பார்த்து.

பெயிண்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ராக்கெட்டை ஒரு பெட்டியில் வைத்து, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டி எடுத்து வந்தார்.

மகள் வந்ததும் கேட்டாள். "அப்பா, ராக்கெட் எங்க?"

"பெட்டியில வச்சுக் கட்டிட்டேன்மா. பஸ்ஸில நசுங்கிடக் கூடாது இல்ல. இனி அங்க போய்த் திறந்தாப் போதும்."

"தேங்க்ஸ்ப்பா," என்றாள் பட்டாணி. நம்பிச் சொன்னாள்.

அது அவருக்கு எங்கேயோ லேசாகக் குத்தியது. நாளைக்கு அவள் முகம் மலர்வதைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

ஞாயிறு காலை மைதானம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் கயிற்றுக்கு உள்ளே, பெற்றோர்கள் வெளியே என்பது டீச்சர் போட்ட கட்டளை. ஆனாலும் கயிற்றுக்கு மேலேயும் கீழேயும் பெரியவர்களின் கைகள் நீண்டுகொண்டுதான் இருந்தன. பெயிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் அம்மாள் கயிற்றின் மேல் குனிந்து, தன் மகளின் ராக்கெட்டுக்குப் பாராசூட் மடித்துக்கொண்டிருந்தார். மகள் பின்னலைப் பிரித்துப் பின்னிக்கொண்டு, யாருடைய ராக்கெட்டோ என்பதுபோல நின்றாள்.

பட்டாணி பெட்டியைத் திறந்தாள்.

பெயிண்டர் எட்டிப் பார்த்தார். மனைவியின் கையைக்கூடப் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்ற பிள்ளைகள் ஓடி வந்து, "யேய், செம்மயா இருக்குடி," என்றார்கள். பட்டாணி ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழாவது கோட்டைத் தேடுகிறாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கோடு இல்லை. பழகிய இடத்தில் விரலை வைத்து ராக்கெட்டைப் படுக்கவைத்தாள். வால் தொப்பென்று சாய்ந்தது. விரலைப் பின்னால் நகர்த்தினாள், இன்னும் நகர்த்தினாள். மூன்று விரற்கடை பின்னால் போன பிறகுதான் நின்றது. வாலில் அவ்வளவு கனம் ஏறியிருந்தது.

பிறகு அவள் தலையைத் தூக்கிக் கயிற்றுப் பக்கம் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

"என்ன பண்ணி வச்சீங்க?" என்றாள் மனைவி, குரலை உயர்த்தாமல்.

"லேசா ஒரு பெயின்ட்..."

அவள் தன் கையை உருவிக்கொண்டாள்.

டீச்சரின் மேஜையில் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் இருந்தது. 'இதை நானே என் கையால் செய்தேன்' என்பதன் கீழே மாணவர் கையெழுத்துப் போட வேண்டும். 'இது என் பிள்ளை தானே செய்தது' என்பதன் கீழே பெற்றோர். பெயிண்டர் வியாழக்கிழமையே போட்டுக் கொடுத்துவிட்டார். ஐந்து ஆண்டுகளாகப் படித்துக்கூடப் பார்க்காமல் பொய்யாகப் போட்ட கையெழுத்து, இந்த ஒரு தடவைதான் உண்மையாக இருந்தது. அதையும் சனிக்கிழமை மதியம் அவரே பொய்யாக்கிவிட்டார்.

பட்டாணியின் முறை வந்தது. பேனாவைக் கையில் வாங்கியவள் மேஜையில் திருப்பி வைத்தாள்.

"டீச்சர், நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏம்மா?"

"இது நான் செஞ்சது இல்ல. நேத்து மத்தியானம் வரைக்கும் நான் செஞ்சதா இருந்துச்சு."

டீச்சர் ராக்கெட்டைக் கையில் எடுத்தார். வெயிலில் அது பளபளத்தது. "அப்ப இது யார் செஞ்சது?"

பட்டாணி தரையைப் பார்த்தாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை. கயிற்றுக்கு வெளியே சளசளவென்றிருந்த பேச்சு நின்றுபோயிற்று. பெற்றோர்களில் பாதிப் பேருக்குத் திடீரென்று கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்துவிட்டது. இன்னும் சிலர் செருப்பு வாரைச் சரிசெய்தார்கள்.

"போங்க," என்றாள் மனைவி மெல்ல. "அவ வாயால சொல்ற வரைக்கும் நிக்காதீங்க."

பெயிண்டர் குனிந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனார். மேஜை பத்தடி தூரம்தான். அவருக்கு அந்தத் தூரம் முடியவே இல்லை.

"நான்தான் டீச்சர். புட்டி, பெயின்ட் எல்லாம் நான் போட்டது. அவளுக்குத் தெரியாது. தொட மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டுத்தான் தொட்டேன்."

நூறு பேர் முன்னால் வளர்ந்த ஒரு மனிதர் இப்படிச் சொல்வது சாதாரண விஷயமில்லை. அவருடைய காது மடல் இரண்டும் ராக்கெட்டின் நிறத்துக்கு வந்திருந்தன.

டீச்சர் திட்டவில்லை. ராக்கெட்டின் இடுப்பில் நூலைக் கட்டி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். ராக்கெட் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு புரண்டது. இன்னொரு சுற்றில் பக்கவாட்டில் திரும்பியது.

"பாத்தீங்களா சார்? மேல போனதும் இப்படித்தான் திரும்பும். எந்தப் பக்கம் திரும்பும்னு யாரும் சொல்ல முடியாது. அதோ, அங்ககூட வரலாம்." அவர் கை காட்டிய இடத்தில் பெயிண்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெயிண்டர் ராக்கெட்டுக்குக் கையை நீட்டினார். "இப்பவே சரி பண்ணிடறேன் டீச்சர். பட்டறைக்குப் போயிட்டு..."

"நீங்களா?" என்றார் டீச்சர்.

பெயிண்டர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

டீச்சர் பட்டாணியின் பக்கம் திரும்பினார். "படிவம் இல்லாம உன்னைப் போட்டியில சேக்க முடியாதும்மா. பரிசு கிடையாது. ஆனா பறக்க விடலாம். பதினொன்றரைக்குள்ள நீயே இத சரி பண்ணி, என் முன்னாடி நூல்ல சுத்திக் காட்டணும். ஒன்றரை மணி நேரம் இருக்கு. என்ன சொல்ற?"

பட்டாணி ராக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அட்டை இருக்கா டீச்சர்?" என்றாள்.

அட்டை இல்லை. தன்னுடைய நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையைக் கிழித்தாள். மரத்தடியில் உட்கார்ந்து பசை பாட்டில், பிளேடு, உப்புத்தாள் எல்லாவற்றையும் பரப்பினாள். பெயிண்டர் கயிற்றுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. அதுதான் கொடுமை. அவள் இறக்கையின் மேல் இருந்த புட்டியைப் பிளேடால் சுரண்டுகிறாள். தூளாகத்தான் வருகிறது, இந்த வேகத்தில் நாளைக்கும் முடியாது. அவருடைய விரல்கள் தாமாகவே மடங்கி விரிந்தன.

"கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க," என்றாள் மனைவி.

கால் மணி நேரம் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பட்டாணி எழுந்தாள். நேராகக் கயிற்றருகே வந்து நின்றாள். முகம் இறுகித்தான் இருந்தது.

"அப்பா, இந்தப் புட்டி எதுல கரையும்?"

இத்தனை ஆண்டுகளில் எந்தச் செய்முறையைப் பற்றியும் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவள் கேட்பதற்கு முன்பே அவர்தான் எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவாரே. தின்னர் இருக்கிறது என்று வாய் வரை வந்தது. நல்லவேளையாக யோசித்தார்.

"கரையாதும்மா. தின்னர் ஊத்தினா பெயின்ட் வேணா போகும், புட்டி போகாது. உன் பசைதான் இளகிடும், காகிதம் நமத்துப் போயிடும். அந்த இறக்கைங்கள வெட்டித்தான் எடுக்கணும்."

"உடம்புல இருக்கற புட்டி?"

"அது மெல்லிசாத்தான் பூசினேன். கனமெல்லாம் வால்லதான்."

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். பிளேடை இறக்கையின் அடியில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். அவர் கட்டைவிரலால் வழித்து வழித்து அழகு பார்த்த மூலை, பொக்கென்று உடைந்து புல்லில் விழுந்தது. அடுத்து இரண்டாவது. பிறகு மூன்றாவது. பெயிண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

புது இறக்கைகளுக்கு மூன்று முறை பசை கொடுக்க நேரமில்லை. இரண்டு முறைதான் கொடுத்தாள். வெயிலில் அவை விறைத்துக்கொண்டன. ஒட்டும்போது ஒன்று லேசாகச் சாய்ந்தது. அதைப் பெயிண்டர் இருபதடி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் விழுங்கினார். இரண்டு நிமிடம் கழித்து அவளே அதைக் கவனித்தாள். பிய்த்து எடுத்து, மறுபடி ஒட்டினாள். அதைப் பார்த்தபோது, இந்த ஐந்து ஆண்டுகளில் அவளை எத்தனை முறை இப்படிக் கவனிக்கவிடாமல் செய்திருக்கிறோம் என்று அவருக்கு வலித்தது.

முதல் சுற்றில் ராக்கெட் தள்ளாடியது. பட்டாணி மூக்கைக் கழற்றி, இன்னும் ஒரு சிட்டிகை களிமண்ணை உள்ளே அழுத்தினாள். விரல் மேல் வைத்துப் பார்த்தாள். சிவப்புப் பெயின்ட்டின் மேலேயே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அடுத்த சுற்றில் மூக்கு முன்னால் போயிற்று. டீச்சர் தானே வாங்கி இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மணி பதினொன்று இருபத்தெட்டு.

உடல் பளபளவென்றும், வால் வெறும் நோட்டு அட்டையாகவும், பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு கிழிந்த செருப்பில் வந்தவர்போல அந்த ராக்கெட் மேடையில் நின்றது. யாரோ சிரித்தார்கள். பட்டாணியின் காதில் விழுந்திருக்கும். அவள் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரின் வாயையே பார்த்தாள். "மூணு, ரெண்டு, ஒண்ணு."

உஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. ராக்கெட் கிளம்பியது. காற்றடித்த பக்கம் சற்றுச் சாய்ந்தது, ஆனால் திரும்பவில்லை, புரளவில்லை. மைதானத்து விளக்குக் கம்பத்தைத் தாண்டி, அதற்கும் மேலே போய், ஒரு புள்ளியாகி நின்றது. பாராசூட் விரிய நேரமாயிற்று. விரிந்ததும் பட்டாணி ஒரு சத்தம் போட்டாள். மேடையில் ஐந்து முறை பரிசு வாங்கியபோதும் அவள் அப்படி ஒரு சத்தம் போட்டுப் பெயிண்டர் கேட்டதில்லை. தன் மகளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே அவருக்கு இன்றுதான் தெரியும். கண் கலங்கியதைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார்.

அவள் ஓடிப்போய் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். தரையில் மோதியதில் ஓர் இறக்கை பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. முழுக்கப் பாத்தேன்." பிறகு, எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார்: "நான் பண்ணது தப்பும்மா. இனி நீ கேக்காம தொட மாட்டேன்."

பட்டாணி அவரைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தாள். பிறகு ராக்கெட்டை அவரிடம் நீட்டினாள். "இதப் பிடிச்சுக்கோங்க. பசை மரத்தடியில இருக்கு, எடுத்துட்டு வர்றேன்." இரண்டடி போய்த் திரும்பினாள். "பிடிச்சுக்க மட்டும்தான்."

பெயிண்டர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த பல் டாக்டர் அம்மாள் எட்டிப் பார்த்தார். "ஒரு சொட்டு வச்சா ஒட்டிக்குமே. ரெண்டு நிமிஷ வேலை. அவ வர்றதுக்குள்ள நீங்களே ஒட்டிக் குடுத்துடலாமே, சார்."

"ரெண்டு நிமிஷ வேலைதான் மேடம்," என்றார் பெயிண்டர். "அஞ்சு வருஷமா அந்த ரெண்டு நிமிஷத்தையெல்லாம் அவகிட்டயிருந்து நான்தான் எடுத்துக்கிட்டேன். பாசம்னு நெனச்சுத்தான் எடுத்துக்கிட்டேன். பிள்ளைங்க வேலைய நாம செஞ்சு குடுத்தா அவங்களுக்குப் பரிசு வரும், வேலை வராது. உடையட்டும், கோணலா போகட்டும், அத அவங்களே நிமித்தக் கத்துக்கட்டும். பக்கத்துல நின்னு, கேட்டா பதில் சொன்னாப் போதும், பெத்தவங்களுக்கு அதுதான் வேலை."